பழைய பாயின்ட் புல்லட் 350 சூடானதும் நின்றுவிடுகிறது, ஆறினால் ஸ்டார்ட் ஆகிறது. ஒயரிங் முழுவதும் மாற்றணுமா?

வேண்டாம். பாயின்ட் என்பது காயிலின் கரண்டை மூடித் திறக்கும் தொடுமுனை. இந்த அடையாளத்துக்கு முதல் சந்தேகம் கண்டன்சர் (பாயின்டில் பொறி பறக்காமல் காப்பது), அடுத்தது காயில் (பிளக்குக்கு உயர் வோல்ட் தருவது). ஒயர் அப்புறம்தான்.

ஹெட்லைட் மேலிருக்கும் ஆம்ப் மீட்டரை (பேட்டரிக்குக் கரண்ட் ஏறுவதையும் இறங்குவதையும் காட்டும் முள்) யாரும் மதிப்பதில்லை. விளக்கெல்லாம் அணைத்து, சாவி போட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். பாயின்ட் மூடும்போது முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாயணும், திறந்ததும் நடுவுக்கு வரணும். மூடியும் சாயவில்லையா? பாயின்ட் முகத்தில் எண்ணெய், அல்லது எங்கோ ஒயர் விட்டிருக்கிறது. திறந்தும் திரும்பவில்லையா? கண்டன்சர் ஷார்ட், இல்லாவிட்டால் பாயின்ட் மாற்றியவர், கரண்ட் எர்த்தில் பாயாமல் தடுக்கும் ஃபைபர் வாஷரை இடம் மாற்றிப் போட்டிருக்கிறார். இந்த வாஷர் கோளாறுதான் அதிகம்.

முள் ஒழுங்காக ஆடியும், என்ஜின் ஓடும்போது பாயின்டில் வெள்ளையாகப் பெரிய பொறி பறந்தால் கண்டன்சர் செத்துவிட்டது. 0.2 மைக்ரோஃபாரட் அளவில் நல்லதாக வாங்குங்கள். சைலன்சரை அறுத்துச் சத்தம் ஏற்ற ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள், அளவே அச்சடிக்காத கண்டன்சரைப் பேரம் பேசி வாங்குகிறார்கள்!

12 வோல்ட் காயிலின் பிரைமரி (பேட்டரி கரண்ட் பாயும் சுருள்) 3 முதல் 4.5 ஓம் காட்டணும். வண்டி நின்ற சூட்டிலேயே அளக்கணும்; ஆறின காயில் நல்ல பிள்ளையாக நடிக்கும்.

பாயின்ட் இடைவெளி 0.35–0.40 மி.மீ. அதை வைத்த பிறகே டைமிங்: கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால், அட்வான்ஸ் (வேகம் கூடும்போது பொறியை முன்கூட்டியே வரவைக்கும் எடைகள்) விரியாத நிலையில், பாயின்ட் திறக்கத் தொடங்கணும். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும்.

ஒயரிங் மேல்தான் சந்தேகம் என்றால் அளந்துவிட்டு மாற்றுங்கள். சாவி போட்டு, பாயின்ட் மூடியிருக்க, பேட்டரி பாசிடிவுக்கும் காயில் பாசிடிவுக்கும் நடுவே 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் கோளாறு. ஃபியூஸ், ஆம்ப் மீட்டர் நட்டு, சாவி சுவிட்ச் என ஒவ்வொன்றாக நகர்ந்து பாருங்கள். (நெகடிவ் எர்த் வண்டிக்கு, அதாவது பேட்டரியின் நெகடிவ் ஃபிரேமில் சேர்ந்திருக்கும் வண்டிக்குச் சொல்கிறேன், பாசிடிவ் எர்த் என்றால் முனைகளை மாற்றிக்கொள்ளுங்கள்.) பெயின்ட் அடித்த ஃபிரேமை நம்பாமல் என்ஜினிலிருந்து பேட்டரிக்குத் தனி எர்த் ஒயர் இழுங்கள். பேட்டரி லைனுக்கு 2.5, காயிலுக்கு 1.5 சதுர மி.மீ. ஒயர் போதும். முறுக்கி டேப் சுற்றாதீர்கள், டெர்மினல் அடியுங்கள்.

பாயின்டுக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் கிட் போட்டால் இதெல்லாம் எதற்கு என்று சண்டைக்கு வருவார்கள். தாராளமாகப் போடுங்கள். அதுவும் அதே களிம்பேறின சுவிட்ச் வழியாகத்தான் கரண்ட் வாங்கும்.

சோதிக்கும்போது பாயின்ட் மூடிய நிலையில் சாவியை நெடுநேரம் விடாதீர்கள், காயில் வெந்துபோகும். புது பாயின்டின் ஃபைபர் முனையில் துளி கிரீஸ் வைத்து, 500 கி.மீ. ஓடியதும் இடைவெளியை மறுபடி பாருங்கள்.