ஒரு ரொட்டிக்கு ஐந்து வருடமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் குற்றம் செய்த சிறுவர்களை அடைத்து வைத்த சீர்திருத்தப் பள்ளிகள் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். அம்மா இல்லாமல், குடிகார அப்பாவிடம் கிடந்த ஒரு பையன் ரொட்டி திருடினால் ஐந்து வருடமா? மனசே ஆறவில்லை. என் கணவரோ, "தெருவில் கிடந்து சாவதற்கு அது மேல், வேளாவேளைக்குச் சாப்பாடாவது கிடைத்திருக்கும்" என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. சாப்பாடு, படுக்கை, எழுத்து, ஒரு கைத்தொழில் எல்லாம் அங்கே கிடைத்தன. சர்ரே மாவட்டத்தின் ரெட்ஹில் பண்ணைப் பள்ளியில் பையன்கள் நிலத்தில் இறங்கி வேலை பார்த்தார்கள். பழைய சகவாசத்துக்குத் திரும்பிவிடக் கூடாது என்று, பின்னர் பலரைக் காலனிகளுக்குக் கப்பலேற்றி அனுப்பினார்கள்.

என்னை உறுத்துவது அந்த ஐந்து வருடம் வந்த விதம். 1854ஆம் ஆண்டுச் சட்டப்படி, 16 வயதுக்கு உட்பட்ட குற்றவாளியை இரண்டு முதல் ஐந்து வருடம் வரை பள்ளிக்கு அனுப்பலாம். திருடிய பொருள் பெரிதா சிறிதா என்பதோடு அது நிற்கவில்லை. பையனின் வீடு எப்படிப்பட்டது என்றும் பார்த்தார்கள். அதே ரொட்டியைப் பெரியவர் ஒருவர் திருடியிருந்தால் சில வாரத்தில் வெளியே வந்திருப்பார். கேட்க நாதியில்லாத பையனுக்கு, நாதியில்லை என்பதாலேயே வருடக்கணக்கு. அப்பன் கவனிக்காமல் விட்டதற்குப் பிள்ளை உள்ளே போனான். அப்பனிடம் வாரத்துக்கு ஐந்து ஷில்லிங் வரை வசூலிக்கலாம் என்று சட்டம் சொன்னது வாஸ்தவம்தான். ஆனால் அன்றாடங்காய்ச்சியிடம் அதை வாங்குவது லேசான காரியமா?

அதைவிடக் கொடுமை, பள்ளிக்குப் போகும் முன் குறைந்தது 14 நாள் சிறையில் இருந்தாக வேண்டும் என்ற விதி. முதலில் தண்டனை, அப்புறம்தான் திருத்தம் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் காலத்துச் சிறைகளில் சிறுவர்களுக்கும் கொடுத்த வேலை ஒன்று உண்டு: தார் ஏறி இறுகிய பழைய கப்பல் கயிற்றை விரலாலேயே பிரித்து நார் நாராக்குவது. பத்து, பதினொரு வயதுப் பிள்ளையின் விரல்களை நினைத்துப் பாருங்கள்.

1852இல் பிரிஸ்டலுக்கு அருகே கிங்ஸ்வுட்டில் பள்ளி தொடங்கிய மேரி கார்பென்டர் இந்தச் சிறைவாசத்தை விடாமல் எதிர்த்தார். (1866இல் இந்தியாவுக்கு வந்து பெண்கல்விக்காகவும் சிறைச் சீர்திருத்தத்துக்காகவும் பேசியவர் இவர்தான்.) 1877இல் அவர் இறந்தபோதும் அந்த விதி ஒழிந்திருக்கவில்லை. அது அடியோடு ஒழிய 1899 ஆயிற்று.

உங்கள் கணவரிடம் இதையும் சொல்லுங்கள். 1857 முதல் தொழிற்பள்ளிகள் என்று வேறொரு வகைப் பள்ளிக்கும் சட்டம் இருந்தது. 1866இல் அதை இன்னும் விரிவாக்கினார்கள். பிச்சை எடுத்தோ கவனிப்பாரின்றியோ அலையும், 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை அங்கே அனுப்பலாம். சிறைக்குப் போக வேண்டியதில்லை. அந்தப் பையன் ரொட்டியில் கை வைப்பதற்கு முதல் நாள் யாராவது அவனைக் கண்டு மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தியிருந்தால், அந்த 14 நாளும் இல்லாமலே சாப்பாடும் படுக்கையும் கிடைத்திருக்கும்.