அக்காவிடம் கேளுங்க: ஊர்ச் சாப்பாட்டுச் சவால்

கேள்வி: அக்கா, எங்கட மாதர் சங்கத்தால ஒரு மாசத்துக்கு ஊருல விளையிறத மட்டும் சாப்பிடுற சவால் ஒண்டு வைக்கப் போறம். மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்ள விளைஞ்சது மட்டும்தான் எண்டு ரூல் போடவா? எப்ப வச்சா நல்லம்?
- வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: மாவட்டத்த எல்லையா வைக்காதீங்க தங்கச்சி. வச்சா பக்கத்துல கிடக்கிற கல்முனைச் சந்தை வெளியூர், எங்கயோ வடக்கால இருக்கிற வாகரை உள்ளூர், இது என்ன கணக்கு? 2005ல கனடா வான்கூவர்ல ஒரு சோடி, ஒரு வருசம் 100 மைலுக்குள்ள விளைஞ்சத மட்டும் சாப்பிட்டுப் பாத்தாங்க, கோதுமை மா கிடைக்காம மாசக்கணக்கா உருளைக்கிழங்கோட கிடந்தாங்களாம். ஆனா 100 மைல் எண்டா 160 கிலோமீற்றர், நம்ம ஊருல அவ்வளவு பெரிய வட்டம் போட்டா நுவரெலியா கரட்டும் தம்புள்ள மரக்கறியும் உள்ளுக்கு வந்திரும், மறுகா சவால் எங்க இரிக்கி? மட்டக்களப்பு, அம்பாறை ரெண்டையும் சேத்து ஒண்டா எடுங்க. அம்பாறை சேந்தா ஹிங்குரானைக் கரும்புச் சீனியும் கிடைக்கும், இல்லாட்டி முதல் நாள் காலைத் தேத்தண்ணியிலேயே வீட்டுல சண்டை. தேயிலைக்கும் உப்புக்கும் விலக்கு குடுத்திருங்க, பால்மாவுக்குக் குடுக்காதீங்க, பசும்பால் வாங்கட்டும், எருமைத் தயிர் சட்டி சட்டியா விக்குது தானே.

காலம் எண்டா மாரி வேளாண்மை வெட்டி முடிஞ்ச கையோட, மாசிக் கடைசி, பங்குனி. கார்த்திகை மார்கழி வெள்ளத்துல வச்சீங்கண்டா கீரைக்கே அலையணும். புது அரிசி குழையும், தண்ணியக் குறைச்சு வைக்கச் சொல்லுங்க. கடையில வாற பேக் அரிசிய நம்பாதீங்க, நம்ம வயல் நெல்லு லொறியேறி பொலன்னறுவை மில்லுக்குப் போய் வேற பேரோட திரும்பி வாறதும் நடக்குது, ஊர் மில்லுல குத்தின சிவப்பரிசியக் கேட்டு வாங்குங்க.

சோத்துல பிரச்சினை வராது. ராத்திரிச் சாப்பாட்டுலதான் வரும். இலங்கையில கோதுமை விளையிறதே இல்ல, அப்ப பாண், ரொட்டி, பராட்டா எல்லாம் அவுட். பருப்பும் அப்படித்தான், நாம தினம் ஆக்கிற மைசூர்ப் பருப்பு பெரும்பாலும் கனடாவுலயும் அவுஸ்திரேலியாவுலயும் இருந்து கப்பல்ல வருது. பயறு, கௌபிக்கு மாறலாம், செத்தலுக்குப் பதிலா பச்சைக் கொச்சிக்காய். பாணுக்குப் பதிலா பிட்டு எண்டு சொல்றது லேசு, அரிசிய ஊறப்போட்டு இடிச்சு அரிச்சு வறுக்கிறது ஆரு? அது முழுக்க பொம்புளையள் தலையில விழுந்தா ரெண்டாம் கிழமையே சவால் படுத்திரும், அதால சங்கத்தாலயே மொத்தமா மா இடிப்பிச்சு வறுத்துப் பங்கு போடுங்க, தேங்காய் திருவுறத வீட்டு ஆம்புளையளுக்குக் குடுங்க.

சந்தையில "இது எங்கத்த கத்தரிக்காய்?" எண்டு வாயத் திறந்து கேளுங்க. ஒரே அளவுல பளபளண்டு பிளாஸ்டிக் கூடையில அடுக்கி வந்தா அனேகமா தம்புள்ளதான். மண்டூர்ப் பக்கத்தால பாதையேறி (வாவியக் கடக்கிற மிதவையச் சொல்றன்) குருமண்வெளித் துறைக்கு வாற ஆக்களுக்கிட்ட கோணலும் மாணலுமா ஒரு உரப்பையில கத்தரியும் பயற்றங்காயும் முருங்கைக்காயும் ஒண்டாக் கிடக்கும், அத வாங்குங்க. பரிசெண்டா தயிர்ச் சட்டியோ விதைப் பொட்டலமோ குடுங்க, பிஸ்கட் டின் குடுத்து மானத்த வாங்கிராதீங்க.

கேள்வி: அக்கா, நாங்களும் இப்படி ஒண்டு செய்யப் போறம். ப்ரொய்லர் கோழி எங்கட ஊருலதான் வளருது, ஆனா தீவனம் வெளியால இருந்து மூட்டையில வருது. அது உள்ளூரா?
- வாசகர், அக்கரைப்பற்று

பதில்: தம்பி, இதக் கிளறினா முடிவே இல்ல, வயலுக்குப் போடுற யூரியாவும் கப்பல்லதான் வருது. சோளன் நம்ம பக்கமும் விளையுது, சோயாதான் பெரும்பாலும் வெளிநாடு. அதுக்காக ப்ரொய்லர அடியோட தடுத்தா பிள்ளையள் இருக்கிற வீடு ஒண்டும் சேராது, ஊர்க்கோழி விலையும் தெரியும்தானே. கிழமைக்கு ஒருக்கா விடுங்க, மத்த நாளுக்கு ஆத்து மீனும் இறாலும் இரிக்கி.