குளிர்சாதன அறையில் வாடும் மெய்டன்ஹேர் பெரணி

கேள்வி: சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் படுக்கையறையில் மெய்டன்ஹேர் பெரணி ஒன்றை வளர்க்கிறேன். நாள்தோறும் தண்ணீர் ஊற்றுகிறேன். கூழாங்கற்கள் பரப்பிய தட்டில் நீர் நிரப்பி, அதன்மேல் சட்டியை வைத்திருக்கிறேன். அப்படியும் இலைகள் பழுப்பேறிச் சருகாகின்றன. செடியை வீசிவிட வேண்டியதுதானா?
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: வீச வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். இரவு முழுதும் இயங்கும் குளிர்சாதனம் அறைக்காற்றின் ஈரத்தை வெளியேற்றிவிடுகிறது. இப்பெரணியின் சிற்றிலைகள் மிக மெல்லியவை என்பதால், வேர் நீரை அனுப்பும் வேகத்தைவிட விரைவாக ஈரத்தை இழந்து சுருள்கின்றன. ஒருமுறை காய்ந்த இலை மீண்டும் விரிவதில்லை. சன்னலுக்கு வெளியே சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதம் ஆண்டு முழுதும் இருக்கும் ஊரில், செடியை உள்ளே அடைத்துவிட்டு ஈரத்துக்கு வழி தேடுவானேன்? துணி காயவைக்கும் பின்கட்டிலோ, சன்னலுள்ள குளியலறையிலோ, நேர்வெயில் படாத, ஆனால் நல்ல வெளிச்சமுள்ள மூலையில் வையுங்கள். காற்று வீசியடிக்கும் பொதுத் தாழ்வாரம் இதற்கு ஒத்துவராது.

கூழாங்கல் தட்டு, குளிர்காலத்தில் வெப்பமூட்டிகளால் வீட்டுக்காற்று உலர்ந்துபோகும் நாடுகளில் சொல்லப்படும் யோசனை. இங்கே அது ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில் கட்டுவதாகிவிடும். கல்லிடுக்கில் தேங்கும் நீரில் முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். ஆகவே தட்டை எடுத்துவிட்டு, சட்டியின் அடித்துளை வழியே நீர் வழியும்வரை ஊற்றி, நன்றாக வடியவிடுங்கள்.

காய்ந்த காம்புகளை எல்லாம் மண்மட்டத்துக்குச் சற்று மேலே வெட்டிவிடுங்கள். மண்ணுக்குள் படர்ந்திருக்கும் கிழங்குபோன்ற தண்டு விரலுக்கு உறுதியாகத் தட்டுப்பட்டால், செடிக்கு உயிர் இருக்கிறது என்று பொருள். மண்ணின் மேற்பரப்பைத் தொட்டுப் பார்த்து, அது உலரத் தொடங்கும்போது மட்டும் நீர் விடுங்கள். இலையே இல்லாத செடிக்கு முன்போல் நாள்தோறும் ஊற்றினால் வேர் அழுகிவிடும். சில வாரங்களில் சுருட்டிய நுனியோடு புதுத் தளிர்கள் எழும். அவை விரிந்து முதிரும்வரை உரம் வேண்டாம். அதன்பின் திரவ உரத்தைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதியாகக் கரைத்து, மாதம் ஒருமுறை இட்டால் போதும்.

கேள்வி: என் மெய்டன்ஹேர் பெரணியின் இலைகளுக்கு அடியில், விளிம்பையொட்டிப் பழுப்பு நிறத்தில் சிறு பட்டைகள் தென்படுகின்றன. பூச்சிமருந்து தெளிக்கலாமா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: தெளிக்க வேண்டாம். பூக்காத பெரணிக்கு விதை கிடையாது; அது வித்துத்தூள்களால் இனம்பெருக்குகிறது. இந்த இனத்தில் இலையின் விளிம்பே உள்பக்கமாக மடிந்து அவற்றை மூடிக் காக்கிறது, நீங்கள் கண்டது அந்த மடிப்பைத்தான். ஒழுங்கான இடைவெளியில், விளிம்பில் மட்டும் இருந்தால் கவலையில்லை. காம்பிலும் இலைநடுவிலும் தாறுமாறாக ஒட்டிக்கொண்டு, நகத்தால் சுரண்டினால் செதிலாகப் பெயர்ந்து வந்தால் அது செதில்பூச்சி. அந்தக் காம்பை அடியோடு வெட்டி, பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.