கேமரா வைத்தால் திருட்டு குறையுமா?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் கண்காணிப்பு கேமரா பொருத்தினால் திருட்டு உண்மையிலேயே குறையுமா? (வாசகர், வேளச்சேரி)

பதில்: ஓரளவு குறையும். நாற்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வெளியான மதிப்பீடு, கேமரா உள்ள இடங்களில் குற்றங்கள் சுமார் 13 சதவீதம் குறைந்ததாகவும், வாகன நிறுத்துமிடங்களில் அப்பலன் மிகுதியாக இருந்ததாகவும், வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்றும் கூறுகிறது. காட்சிகளை ஒருவர் உடனுக்குடன் கவனிக்கும் இடத்தில்தான் பலன் கூடுகிறது. நான் பார்த்த ஒரு குடியிருப்பில் லென்ஸைச் சிலந்திவலை மூடியிருக்க, பதிவுக்கருவி காவலாளியின் மேசைக்கடியில் பூட்டின்றிக் கிடந்தது. திருடன் அதையும் தூக்கிச் சென்றால் காவல் நிலையத்தில் எதைக் காட்டுவீர்கள்? கருவியைப் பூட்டிய அறையில் வைத்து, மின்வெட்டைச் சமாளிக்க யூ.பி.எஸ். இணைத்து, வாரம் ஒருமுறையாவது பதிவை ஓட்டிப் பாருங்கள்.