சீல் கசிந்தால் ராடைப் பாருங்கள்

கேள்வி: ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்கென்றே பழைய ஸ்விஃப்ட் பெட்ரோல் கார் ஒன்றை வைத்திருக்கிறேன். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில்தான் பெரும்பாலும் ஓட்டுகிறேன். ஐப்பசி தொடங்கி மழைக்காலம் முழுக்க கார் ஷெட்டில் நின்றது. தை பிறந்ததும் டிராக்குக்குக் கொண்டுபோனேன். மதியத்துக்குள்ளாகவே முன்பக்க வலது ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வடியத் தொடங்கிவிட்டது. உயரம் மாற்றக்கூடிய, நைட்ரஜன் அடைத்த மோனோடியூப் (ஒற்றைக் குழாய்) வகை. டஸ்ட் கவர் போடவில்லை. "சீல் மாற்றி, ஆயில் ஊற்றி, வெல்டு வைத்துத் தருகிறோம்" என்கிறார்கள் பட்டறையில். ஒரு பக்கம் மட்டும் செய்தால் போதுமா? அடுத்த ஓட்டத்துக்கு இப்படியே போகலாமா?
— கோவை வாசகர்

பதில்:

வெல்டு என்ற பேச்சு எழுந்ததுமே ஷாக்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். சாதாரண இரட்டைக் குழாய் ஷாக்கில் துளையிட்டு, ஆயில் நிரப்பி, துளையை அடைத்துக் கொடுக்கும் வேலை நம் ஊர்களில் நெடுங்காலமாக நடக்கிறது. சந்தைக்குப் போய்வரும் வண்டிக்கு அது கொஞ்ச நாள் தாங்கும். உங்களுடையது மோனோடியூப். அதற்குள் நைட்ரஜன் 15 முதல் 25 பார் வரை அழுத்தத்தில் இருக்கும். உங்கள் டயரில் இருப்பது ஏறக்குறைய 2 பார்தான். அந்தக் குழாயில் டிரில் வைப்பதும் நெருப்பு காட்டுவதும் உயிரோடு விளையாடுவது. பிரித்துச் சேர்க்கும்படி செய்யப்பட்ட ஷாக்கை, வாயுவை முறையாக வெளியேற்றிய பிறகு, அதற்கான கருவி உள்ளவர்தான் பிரிக்க வேண்டும். வாய் மடித்து மூடிய வகையாக இருந்தால் பழுதுபார்ப்பதை மறந்துவிட்டுப் புதிது வாங்குங்கள்.

முதலில், வடிந்தது உண்மையிலேயே ஷாக் ஆயில்தானா? ஷாக்குக்குள் போய்வரும் தண்டுதான் ராடு; அது வெளிவரும் வாயில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம் சீல். ராடு ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் மெல்லிய ஆயில் படலத்தைச் சீல் வழியாகக் கொண்டுவரும். சீல் வறண்டுபோகாமல் இருக்க அது வேண்டும். அதில் தூசி ஒட்டி, குழாயின் மேல்பகுதி கறுத்திருப்பதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் அதிகம். துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மறுபடி ஈரம் படர்ந்து, கோடாக இறங்கினால் கசிவு உறுதி. டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் உறை கிழிந்து தெறிக்கும் கிரீஸையும், பிரேக் ஹோஸில் கசியும் திரவத்தையும் ஷாக்கின் தலையில் கட்டுவதும் உண்டு. கிரீஸ் கறுத்துக் கெட்டியாக, சக்கரம் சுழலும் தளத்தில் வட்டமாகத் தெறித்திருக்கும். பிரேக் திரவம் பெயின்ட்டைத் தின்றுவிடும்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. மோனோடியூப் ஸ்டிரட்டுகள் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த பாகம்) பலவற்றில் ஷாக்கை உள்ளே தலைகீழாகப் பொருத்தியிருப்பார்கள். வெளியே ராடு போலப் பளபளவென்று தெரியும் தடித்த பாகம்தான் ஷாக்கின் உடல். மெல்லிய ராடு கீழே, வெளிக்கூட்டுக்குள் ஒளிந்திருக்கும். அந்த உடல் வழுக்கிச் செல்லும் புஷ்களுக்கு கிரீஸ் வைத்திருப்பார்கள். டிராக்கில் சூடேறியதும் அந்த கிரீஸ் இளகி மேல் விளிம்பில் பிதுங்கும். அது கசிவே அல்ல. உண்மையான கசிவு கீழே கூட்டுக்குள் தேங்கி நிற்கும், வெளியில் தெரியாது. உங்களுடையது எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்வது ராடு மேலே தெரியும் வகைக்கு.

ஸ்டிரட்டைக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, தரையில் நிறுத்தி ராடைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஸ்பிரிங்கைக் கழற்ற அதற்குரிய கம்ப்ரஸர் வேண்டும். உள்ளே 20 பார் இருந்தால், 12 மி.மீ. ராடு ஏறக்குறைய 23 கிலோ எடையளவு விசையோடு எதிர்க்கும். ஸ்டிரட்டுகளில் வரும் 20 மி.மீ. ராடானால் 64 கிலோ. விட்டதும் தானாகவே ஒரே சீராக எழும்பி வர வேண்டும். உள்ளே போன ராடு போன இடத்திலேயே நின்றால் வாயு போய்விட்டது. வாயு இன்னும் இருக்கிறது என்று நிம்மதி கொள்ளவும் முடியாது. மோனோடியூப் கசிவில் இதுதான் ஏமாற்று வேலை. ஆயில் குறையக் குறைய, ஆயிலையும் வாயுவையும் பிரித்து நடுவில் மிதக்கும் பிஸ்டனை வாயு தள்ளிக்கொண்டே வந்து அந்த இடத்தை நிரப்பிவிடும். ஓட்டுகிறவருக்கு வித்தியாசமே தெரியாது. அழுத்தம் ஒரு அளவுக்குக் கீழே இறங்கியதும் ஆயிலில் குமிழி கட்டி ஷாக்கின் பிடிப்பு திடீரென்று விட்டுப்போகும். கெர்ப் (டிராக் ஓரத்து மேட்டு விளிம்பு) மீது ஏறி ஆழமாக அமுங்கும்போது பிஸ்டனும் மிதக்கும் பிஸ்டனும் மோதிக்கொள்ளவும் கூடும். இரட்டைக் குழாய் ஷாக் இந்த விஷயத்தில் நேர்மையானது. ஆயில் குறைந்ததும் ஒவ்வொரு அசைவின் தொடக்கத்திலும் வெற்றாக ஓர் ஆட்டம் தெரிந்து, முன்கூட்டியே சொல்லிவிடும்.

இப்போது உங்கள் காருக்கு வருவோம். சீல் தானாகச் சாவது அபூர்வம். பெரும்பாலும் ராடுதான் அதைக் கொல்லும். நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டவை இரண்டு: டஸ்ட் கவர் இல்லை, மழைக்காலம் முழுக்க கார் அசையாமல் நின்றது. ராடின் மேல் இருக்கும் ஹார்டு குரோம் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கள் இருக்கும். ஈரக்காற்று அதற்குள் புகுந்து அடியில் உள்ள எஃகில் துரு பிடிக்க வைக்கும். கார் மாதக்கணக்கில் ஒரே உயரத்தில் நின்றதால், சீலுக்கு வெளியே தெரிந்த பகுதி மட்டும் புள்ளி புள்ளியாகப் பொரிந்திருக்கும். தை மாதத்து முதல் ஓட்டத்தில் அந்தப் பொரிவுகள் சீலின் உதட்டுக்குள் ஏறி இறங்கி, அரம் போல அராவியிருக்கும். பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் இதன் மேல்தான் கட்டுவேன்.

சோதிப்பது எளிது. ராடைத் துடைத்துவிட்டு, நகத்தை மேலிருந்து கீழாக மெல்ல இழுங்கள். பிறகு குறுக்காகவும் இழுங்கள். அடுத்து ஒரு பஞ்சுத் துணுக்கை ராடைச் சுற்றிப் பிடித்து உருவுங்கள். நகம் தவறவிட்ட பிசிறிலும் பஞ்சின் இழை சிக்கும். சக்கரத்தைப் பார்த்த பக்கத்தில் மட்டும் குத்து இருந்தால் கல் தெறித்தது. வரிசையாகப் பல் பதிந்தது போன்ற தடம் இருந்தால், பொருத்தியவர் மேல் நட்டை முடுக்கும்போது ராடைக் குறடால் பிடித்திருக்கிறார் என்று பொருள். இதை மன்னிக்கவே முடியாது. ராடின் நுனியில் ஆலன் சாவி போட இடம் எதற்கு வைத்திருக்கிறார்கள்?

விளிம்பு மட்டும் மேலெழும்பிய சின்னப் பிசிறு என்றால், நைஸான எண்ணெய்க் கல்லால் அதை மட்டும் தட்டையாக்கிவிடலாம். நகம் மாட்டும் பள்ளம் இருந்தால் புது சீல் போடுவது காசைச் சாக்கடையில் போடுவதுதான். அடுத்த ஓட்டத்தில் அதுவும் கிழியும். தயாரிப்பாளரிடம் ராடு தனியாகக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் மறுபடி குரோம் பூசிக் கிரைண்டிங் செய்யலாம். பம்புக்கும் மில் இயந்திரங்களுக்கும் பேர்போன கோவையில் இந்த வேலைக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. அவர்களிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லுங்கள். ரீபவுண்டு (அமுங்கிய ஷாக் திரும்பி நீளும்போது தரும் எதிர்ப்பு) மாற்றும் வசதியுள்ள ராடு உள்ளே துளையுள்ளது. அந்தத் துளையை அடைத்துவிட்டே பூச்சுத் தொட்டியில் இறக்க வேண்டும். பூசி முடித்ததும் காலம் தாழ்த்தாமல் அடுப்பில் வைத்துச் சூடாக்கி ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். இல்லையென்றால் எஃகு நொறுங்கும் தன்மை பெற்றுவிடும்.

ராடு பழுதில்லாமல் இருந்தால் சந்தேகம் பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுக்க அமுங்கும்போது இடியைத் தாங்கும் ரப்பர்) பக்கம் திரும்பும். காரை அளவுக்கு மீறித் தாழ்த்தியவர்கள் இந்த ரப்பரை அறுத்துவிடுவார்கள், அல்லது அது பொடிந்து உதிர்ந்தே போயிருக்கும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஷாக்கின் தலையே இடி வாங்கும். ராடில் ஒரு கேபிள் டையைத் தளர்வாகக் கட்டி, கீழே சீல் வரை தள்ளிவிட்டு ஓட்டுங்கள். ஷாக் எவ்வளவு அமுங்கியதோ அந்த உயரத்தில் அது நின்றிருக்கும். பம்ப் ஸ்டாப்பில் முட்டி நின்றால், காரை உயர்த்துங்கள் அல்லது கெட்டியான ஸ்பிரிங் போடுங்கள். சூட்டையும் மறக்கக் கூடாது. சாதாரண நைட்ரைல் ரப்பர் சீல் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸைத் தாண்டி நீண்ட நேரம் போனால் இறுகிவிடும். ஃப்ளோரோ ரப்பர் சீல் 200 டிகிரி வரை தாங்கும். மாற்றும்போது விலை கொஞ்சம் கூடினாலும் இரண்டாவதையே கேளுங்கள்.

ஒரு பக்கம் போதுமா என்றால், போதாது. மழைக்காலம் முழுக்க அசையாமல் நின்றது இரண்டு ராடும்தான். அதோடு, பிரித்த ஷாக்கில் சீலுடன் கைடு புஷ், பிஸ்டன் வளையம், ஆயில் எல்லாம் மாறும். மிதக்கும் பிஸ்டனை வைக்கும் ஆழமும் நைட்ரஜன் அழுத்தமும் தயாரிப்பாளர் சொன்னபடி இருக்க வேண்டும். ஆயில் டப்பாவில் 5டபிள்யூ என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். ஒரு கம்பெனியின் 5டபிள்யூ இன்னொன்றின் 5டபிள்யூ அல்ல. 40 டிகிரியில் அதன் பாகுநிலை எண் என்ன என்று பாருங்கள். வேலை முடிந்ததும் இரண்டு ஷாக்கையும் டைனோவில் (ஷாக்கை அமுக்கி இழுத்து அதன் விசையை அளக்கும் இயந்திரம்) ஏற்றி, விசை–வேக வரைபடத்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வலதும் இடதும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்பதே உங்களுக்கு வேண்டியது. டைனோ எதற்கு என்று கேட்கும் இடத்தில் ஷாக்கைக் கொடுக்க வேண்டாம்.

அடுத்த ஓட்டத்துக்கு இப்படியே போகாதீர்கள். முன் ஸ்டிரட் கசிந்தால் ஆயில் இறங்கும் வழியில் டயரும் பிரேக் டிஸ்க்கும் இருக்கின்றன. உங்கள் காருக்கு நேர்வது இருக்கட்டும். கரியில் பைக்குகளும் ஓடுகின்றன. வளைவில் நீங்கள் சிந்திய துளியில் சறுக்கப்போகிறவர் அடுத்த செஷனில் வரும் பைக்காரர். ஓட்டமே நின்றுவிடக் கூடாது என்றால் கம்பெனி ஸ்டிரட்டை அதன் ஸ்பிரிங்குடன் இரு பக்கமும் மாட்டிக்கொண்டு போங்கள். கார் கொஞ்சம் சாயும், அவ்வளவுதான். பிரேக் பேடில் ஏற்கெனவே ஆயில் பட்டிருந்தால் துடைத்துப் பயனில்லை, தூக்கிப்போடுங்கள். டிஸ்க்கை பிரேக் கிளீனரால் கழுவினால் போதும்.

திரும்பப் பொருத்தும்போது மேல் நட்டுக்கு இம்பாக்ட் கன் கூடாது. ராடு சுழல்கிற வேகத்தில் புது சீலின் உதடு கருகிவிடும். ஸ்பேனரும் ஆலன் சாவியும் போதும். ஸ்டிரட்டைக் கழற்றி மாட்டினால் கேம்பரும் (சக்கரத்தின் சாய்வு) டோவும் (சக்கரம் உள்ளே, வெளியே திரும்பிய கோணம்) மாறியிருக்கும், அலைன்மென்ட் பார்க்காமல் டிராக்குக்குப் போக வேண்டாம். முதல் ஓட்டத்துக்குப் பிறகு சீல் ஓரத்தில் லேசான ஈரம் தெரியலாம்; பொருத்தும்போது தடவிய ஆயில் அது. துடைத்துவிட்டு, இரண்டாவது ஓட்டத்துக்குப் பிறகும் வருகிறதா என்று பாருங்கள்.

டஸ்ட் கவர் போட்டுவிடுங்கள். வரும் ஐப்பசியில் காரை நிறுத்துவதற்கு முன் ராடைத் துடைத்து, ஷாக் ஆயிலையே துணியில் தொட்டு மெல்லிசாகப் பூசுங்கள். வாரத்துக்கு ஒருமுறை ஷெட்டை விட்டு வெளியே எடுத்து, பானெட் மேல் கையை வைத்து நாலு முறை அமுக்கிவிட்டு, மறுபடி உள்ளே நிறுத்துங்கள்.