நகையை அடகு வைக்கும் முன்

அன்புள்ள அம்மா,

கோத்தகிரியிலிருந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். பிசிஏ கடைசி வருஷம் படிக்கும் மகன் ராத்திரியெல்லாம் கறுப்புத் திரையில் ஏதோ தட்டுகிறான், கேட்டால் டாக்கர் என்கிறான், கோயம்புத்தூரில் அதற்கு ஒரு கோர்ஸ் இருக்கிறது, நகையை வைத்துப் பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா. ஆனால் அவன் செய்வது வீண்வேலை இல்லை.

ஊட்டி வர்க்கியைக் கீழே மேட்டுப்பாளையத்தில் போட்டால் அதே மொறுமொறுப்பு வராது, தண்ணியும் குளிரும் வேறு என்பார்கள் பேக்கரிக்காரர்கள். புரோகிராமுக்கும் இந்தத் தொல்லை உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராம்களை ஓட்டும் மென்பொருள் நோட் ஜேஎஸ். லேப்டாப்பில் நன்றாக ஓடும் நோட் அப்ளிகேஷன், சர்வரில் நோட் பதிப்பு மாறினால் நின்றுபோகலாம். அதனால் அதற்கு வேண்டிய நோட் பதிப்பு, லைப்ரரிகள் (பிறர் எழுதி வைத்த ஆயத்தத் துண்டுகள்) அத்தனையையும் சேர்த்தே கட்டி அனுப்புகிறார்கள். அந்தக் கட்டுதான் கன்டெய்னர் இமேஜ். 2013-ல் வந்த டாக்கர் என்ற மென்பொருள் இதைப் பரவலாக்கியது.

கட்டுவது சுலபம். ‘டாக்கர் இனிட்’ என்று தட்டினால் எந்தப் பதிப்பு, எந்த போர்ட் என்று கேட்டுக்கொண்டு இமேஜை எப்படிக் கட்டுவது என்று வரிவரியாகச் சொல்லும் டாக்கர்ஃபைலை அதுவே எழுதித் தந்துவிடும். அதற்காக யாரும் வேலை தரமாட்டார்கள். ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று அவனுக்குச் சொல்லத் தெரிய வேண்டும். லைப்ரரிப் பட்டியலை முதலில் காப்பி செய்துவிட்டு, அவன் எழுதிய புரோகிராமை ஏன் பிறகு காப்பி செய்கிறோம்? பட்டியல் மாறாதவரை டாக்கர் லைப்ரரிகளை மறுபடி இறக்காது, முன்பு கட்டி வைத்த அடுக்கையே எடுத்துக்கொள்ளும். மழைநாளில் நெட் விட்டுவிட்டு வரும் நம் மலையில் இதன் அருமை அவனுக்கே தெரிந்திருக்கும். நோடின் முழு இமேஜ் விரித்தால் ஒரு ஜிபி அளவு, ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸில் கட்டிய வகை 200 எம்பிக்குள். எதை எடுத்தான்? எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசராகவே ஓடவிட்டானா? டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் இமேஜுக்குள் போய்விட்டதா? இன்டர்வியூவுக்குப் பழக்கும்போது நான் கேட்பவை இவைதான்.

கடன் வாங்கிக் கோர்ஸ் முடித்த ஒரு பையன் என்னிடம் வந்தான். சான்றிதழ் இருந்தது, தானாகக் கட்டிய இமேஜ் ஒன்றுகூட இல்லை. மனசு கனத்துவிட்டது.

படிக்கிற பிள்ளைகளுக்கு டாக்கர் இலவசம். லேப்டாப்பில் ராம் 4 ஜிபிதான் என்றால் 8 ஆக்கிக் கொடுங்கள், அந்தச் செலவு போதும்.

உங்கள் தேயிலைக் கணக்கு இருக்கிறதே, எந்த நாள் எத்தனை கிலோ இலை போட்டீர்கள், ஃபேக்டரி என்ன விலை தந்தது என்று, அதை அவன் ஒரு சின்ன அப்ளிகேஷனாக எழுதிக் கன்டெய்னரில் கட்டட்டும். ஒரு சனிக்கிழமை குன்னூருக்கு அழைத்து வாருங்கள். என் லேப்டாப்பில் நோட் கிடையாது, டாக்கர் மட்டும்தான் இருக்கிறது. அதில் ஓட்டிக் காட்டட்டும்.