எடை குறைந்த பிறகு பாதம் ஏன் மரத்துப்போகிறது?

கேள்வி: எனக்கு வயது 41. பள்ளி ஆசிரியை, சைவ உணவு மட்டுமே சாப்பிடுபவள். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு 112 கிலோ எடையில் இரைப்பை பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன்; இப்போது 71 கிலோ. ஓராண்டு முடிந்ததும், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று வைட்டமின் மாத்திரைகளை நிறுத்திவிட்டேன். சில மாதங்களாகப் படியேறினால் மூச்சு வாங்குகிறது. இரவில் பாதங்கள் மதமதவென்று இருக்கின்றன. ஹீமோகுளோபின் 9.2. இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் காலைக் காபி குடித்தவுடன் போட்டுக்கொள்கிறேன். இரண்டு மாதமாகியும் பலன் இல்லையே, ஏன்? (வாசகி, ஈரோடு)

பதில்: அந்த முதலாண்டில் நீங்கள் நன்றாக இருந்தது உண்மைதான், ஆனால் அது பழைய சேமிப்பைக் கொண்டு நடந்த குடித்தனம். உணவிலுள்ள பி12 வைட்டமினைப் பிரித்தெடுக்க இரைப்பையின் அமிலமும், அதைச் சிறுகுடலின் கடைப்பகுதியில் உறிஞ்ச இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதமும் தேவை. பைபாஸுக்குப் பிறகு உணவு இரைப்பையின் பெரும்பகுதியைத் தொடாமலே கீழே இறங்கிவிடுவதால் இந்த இரண்டுமே குறைந்துவிடுகின்றன. ஆனாலும் கல்லீரலில் பல ஆண்டுகளுக்குப் போதுமான பி12 இருப்பில் இருக்கக்கூடும் என்பதால் குறை உடனே வெளியில் தெரிவதில்லை. சைவ உணவுக்காரர்களுக்குப் பால், தயிர் தவிர பி12 கிடைக்கும் வழி அதிகமில்லை. ஆகவே அந்த இருப்பே பலருக்குத் தொடக்கத்திலிருந்து குறைவாகத்தான் இருக்கும்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது ஹீமோகுளோபின் அல்ல, பாதத்தின் மதமதப்புதான். நம் கடைகளில் கிடைக்கும் இரும்புச்சத்து மாத்திரைகள் பலவற்றில் ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருக்கிறது. பி12 குறைவாக உள்ளவர் ஃபோலிக் அமிலத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், பி12 குறைவால் வந்த ரத்தசோகை சரியாவதுபோல் தோன்றும். நரம்புச் சேதமோ உள்ளே தொடர்ந்து வளரும். நாள்பட்ட நரம்புச் சேதம் முழுவதும் மீளாமல் போகலாம் என்பதால், இந்த வாரமே உங்கள் அறுவை சிகிச்சை நிபுணரையோ பொது மருத்துவரையோ பாருங்கள். பி12, ஃபோலேட் (ஃபோலிக் அமிலச் சத்து), ஃபெரிட்டின் (உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் புரதம்), வைட்டமின் டி, கால்சியம், கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோன் ஆகியவற்றோடு தாமிர அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்; தாமிரம் குறைந்தாலும் இதே போன்ற மதமதப்பு வரும். நரம்புப் பாதிப்பின் அறிகுறி தோன்றியவருக்குப் பி12-ஐ முதலில் ஊசியாகப் போடுவதே வழக்கம். பிறகு நாள்தோறும் 350 முதல் 1000 மைக்ரோகிராம் மாத்திரையாகவோ, மாதம் ஒருமுறை 1000 மைக்ரோகிராம் ஊசியாகவோ வாழ்நாள் முழுதும் தொடர வேண்டும். ஆரோக்கியமான ஒருவருக்குத் தினமும் சுமார் 2.4 மைக்ரோகிராமே போதும் என்பதை நினைத்துப் பார்த்தால், கடையில் வாங்கும் சாதாரண சத்து டானிக் உங்களுக்கு ஏன் போதாது என்பது விளங்கும்.

இரும்பு ஏறாததற்கு உங்கள் காலை வழக்கமே ஒரு காரணம். இரும்பு அதிகம் உறிஞ்சப்படும் முன்சிறுகுடலை பைபாஸ் தாண்டிவிடுகிறது. மிச்சமுள்ள வாய்ப்பையும் காபி தடுக்கிறது, கால்சியம் போட்டிக்கு வருகிறது. இரும்பையும் கால்சியத்தையும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி விட்டுச் சாப்பிட வேண்டும். இரவு படுக்கப்போகும்போது எலுமிச்சைச் சாற்றுடன் இரும்பு, பகலில் கால்சியம் என்று பிரித்துக்கொள்வது பலருக்கு எளிதாக இருக்கிறது. மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு, குறை எதுவும் இல்லாதபோதே, நாளொன்றுக்கு 45 முதல் 60 மில்லிகிராம் இரும்பு தேவை. மாத்திரை அட்டையில் இரும்பு உப்பின் மொத்த எடையைப் பார்க்காமல், அதில் உள்ள இரும்பின் அளவைப் பாருங்கள். கால்சியம் உணவும் மாத்திரையும் சேர்த்து 1200 முதல் 1500 மில்லிகிராம். ஒரு வேளைக்கு 500, 600-க்கு மேல் போட்டால் உடல் ஏற்காது. கால்சியம் கார்பனேட்டுக்கு அமிலம் வேண்டும் என்பதால், விலை சற்றுக் கூடினாலும் சிட்ரேட் வகையே உங்களுக்கு ஏற்றது. இவ்வளவுக்குப் பிறகும் ஃபெரிட்டின் உயராவிட்டால் இரும்பை ரத்தக்குழாய் வழியாக ஏற்றலாம். அதிக உதிரப்போக்கு இருக்கிறதா, வலி மாத்திரைகளால் குடல் இணைப்பில் புண் வந்து கசிகிறதா என்பதையும் மருத்துவர் பார்ப்பார்.

கேள்வி: என் தம்பிக்கு எடையைக் குறைக்க ஸ்லீவ் அறுவை சிகிச்சை (இரைப்பையை வெட்டிக் குழாய்போல் சிறிதாக்குவது) செய்து ஐந்து வாரமாகிறது. பத்து நாளாக எதைக் குடித்தாலும் வாந்தி. நேற்று முதல் நடை தள்ளாடுகிறது. பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிகிறது என்கிறான். குளுக்கோஸ் ஏற்றினால் சரியாகிவிடுமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: கடிதத்தில் தொலைபேசி எண் இருந்ததால், இதழ் அச்சாகும் வரை காத்திராமல் அன்றே உங்களிடம் பேசி, தம்பியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லச் சொன்னோம். மற்ற வாசகர்களுக்காக இங்கும் எழுதுகிறேன். பி12 போலன்றி, தயமின் எனப்படும் பி1 வைட்டமினின் இருப்பு இரண்டு மூன்று வாரங்களில் தீர்ந்துவிடும். ஓயாத வாந்தியோடு தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, குழப்பம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலே அது மூளையைத் தாக்கும் அவசர நிலையாக இருக்கலாம். அந்த நிலையில் தயமின் இல்லாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மிஞ்சியுள்ள தயமினும் செலவாகி நிலைமை மோசமாகும். ‘எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை ஆனவர், பத்து நாளாக வாந்தி, தயமின் ஊசி போட்டீர்களா?’ என்று அவசரப் பிரிவில் வாய்விட்டுக் கேளுங்கள். அப்படிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. வாந்தி ஏன் வருகிறது, இரைப்பைக் குழாய் எங்கேனும் சுருங்கியிருக்கிறதா என்பதையும் அறுவை சிகிச்சை நிபுணர் கண்டறிய வேண்டும்.

கேள்வி: அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதம். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. தோழி சொன்னபடி பயோட்டின் என்ற வைட்டமினும் துத்தநாக மாத்திரையும் சாப்பிடுகிறேன். போதுமா? (வாசகி, மதுரை)

பதில்: மூன்றாவது மாதத்திலிருந்து முடி கொட்டுவது பெரும்பாலும் எடை வேகமாகக் குறைவதன் விளைவு, சில மாதங்களில் தானாகவே நின்று மீண்டும் வளரும். ஓராண்டுக்குப் பிறகும் கொட்டினால் ஃபெரிட்டினையும் துத்தநாகத்தையும் பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு 60 கிராம் புரதமாவது சாப்பிடுகிறீர்களா என்பதை இப்போதே கணக்கிடுங்கள். தயிர், பனீர், பயறு, முட்டை எதுவானாலும் சாப்பாட்டில் அதுதான் முதலில் வயிற்றுக்குள் போக வேண்டும். துத்தநாகத்தைத் தனியாக அதிக நாள் சாப்பிட்டால் தாமிரம் குறைந்து, ஈரோட்டு வாசகி சொல்லும் அதே மதமதப்பு வரலாம். மருத்துவர் சொன்னாலன்றி அதை நிறுத்திவிடுங்கள். பயோட்டின் முடிக்குப் பெரிதாக உதவாது என்பதோடு, தைராய்டு உட்படச் சில ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தவறாகக் காட்டவும் கூடும். ரத்தம் கொடுக்கப் போகும்போது அதைச் சாப்பிடுவதைப் பரிசோதனைக் கூடத்தில் தெரிவித்துவிடுங்கள்.